பிரபாகர் அண்ணனின் ஃபிளாக்

வேண்டாததைக் கண்டால் நிரஞ்சனாவுக்குக் கை சும்மா இருக்காது. சிங்கப்பூரில், கிளமெண்டி வீட்டில் பழைய சாஸ் பாக்கெட்டுகள் அவளிடமிருந்து தப்பியதில்லை. தஞ்சோங் பகார் அலுவலகத்தில் உதவாத புரோகிராம் வரிகளும் தப்புவதில்லை. புதிதாக எழுதினால் கைதட்டுவார்கள், அழித்தால் யார் தட்டுவார்கள்? அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது.

அவர்கள் செய்வது, கோப்புகளை டிஸ்கில் பத்திரப்படுத்தும் மென்பொருள். எதையும் எழுதுமுன், எழுதப்போவதை அது ஜர்னல் என்ற குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும், பிறகு ஜர்னலைப் பார்த்து விட்ட வேலையை முடித்துவிடும். ஜர்னலில் ஒன்று பதிவாகியிருக்கிறதா என்பது ஜர்னலைப் பார்த்தாலே தெரியும். இருந்தும் ‘பதிவாகிவிட்டது’ என்று சொல்லத் தனியாக ஒரு ஃபிளாக்கை, அதாவது ஓர் அடையாளக் குறியை, வைத்திருந்தார் சீனியர் பிரபாகர். ஒரே சேதிக்கு இரண்டு ஆள். போன வாரச் சோதனையில் ஜர்னலில் ஒன்றுமே இல்லை. ஃபிளாக் மட்டும் ‘பதிவாகிவிட்டது’ என்று சாதித்தது. மென்பொருள் அதை நம்பியது, கோப்பு போயே போய்விட்டது.

“ஃபிளாக்கையே எடுத்துடலாம்ண்ணே,” என்றாள் நிரஞ்சனா.

“நான் வேலைக்குச் சேந்த புதுசுல போட்டது. அது பாட்டுக்கு இருக்கட்டும் லா. தப்பான இடத்த மட்டும் சரி பண்ணு.” பிரபாகரின் முகம் இறுகிவிட்டது.

அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் நகராது. அழுத்திக் கேட்டால் தினமும் கூடச் சாப்பிடும் மனிதரின் நட்பு போகும். விட்டுவிட்டால் முகம் தெரியாத யாருடைய கோப்போ போகும். அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் இருவருக்கும் தேக்கா உணவங்காடியில் பிரியாணி. அன்றும் ஒரு மேசை காலியாக இருந்தது, ஆனால் நடுவே ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள்! சிங்கப்பூர்க்காரர் யாராவது அதைத் தொடுவார்களா? பிரபாகர் தட்டும் கையுமாக நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மேசை துடைக்கும் ஷமீமா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அவங்க சாப்பிட்டுப் போயாச்சு லா. பாக்கெட்ட எடுக்க மறந்துட்டாங்க.”

நிரஞ்சனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிரபாகர் டிஷ்யூவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“நான் வாயே தொறக்கலண்ணே.”

பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்த பிரபாகர், “சரி, அந்த ஃபிளாக்க எடுத்துப் பாக்கலாம்,” என்றார்.

மாலையில் அவள் ஃபிளாக்கை எடுத்தாள். எழுதும்போதே கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தார்கள், பிடுங்கியவர் பிரபாகர்தான். ஒரு கோப்பும் போகவில்லை. அவர் ஒப்புதல் கொடுத்தார், ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

“இந்த மாதிரி வேற எங்கெல்லாம் போட்டு வச்சிருக்கேன்?”

“நெறைய இடத்துல இருக்குண்ணே,” என்றாள் தயங்கி.

அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“மொதல்லேருந்து காட்டு.”