கல் மட்டும் கப்பலேறிய மடம்

நவம்பர் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு நியூ ஜெர்சி ஐசலினிலிருந்து கிளம்பினோம். காரை ஓட்டியது நான். பக்கத்துச் சீட்டில் எங்கள் அடுத்த வீட்டு ஸ்டெல்லா ஆண்ட்டி, தூத்துக்குடிக்காரர், மடியில் ஒரு பை செவ்வந்தி. அன்று கல்லறைத் திருநாள். தூத்துக்குடி கத்தோலிக்கர்கள் அன்றைக்குத் தங்கள் வீட்டாரின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆண்ட்டியின் கணவர் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். சாயங்காலம் அங்கே போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் மன்ஹாட்டன் வடமுனையில் மியூசியமாக இருக்கும் பழைய கிறிஸ்தவத் துறவியர் மடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆண்ட்டி ஒற்றைக்காலில் நின்றார். டிசம்பரில் அவர் ஊரோடு போகிறார். இனிமேல் எப்போது பார்ப்பது?

போவதில் ஒரே சிக்கல், அங்கிள் இங்கேயே இருப்பார். அதற்கு ஆண்ட்டியின் தம்பி ஒரு வழி சொல்லியிருந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அங்கிள் பெயருக்கு ஒரு பளிங்குக் கல்லறை கட்டிவிடுவது. உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் பூ வைக்க ஓர் இடம் கிடைக்கும். பிற்பாடு அக்காவுக்கும் அதன் பக்கத்திலேயே, அம்மா கல்லறையை ஒட்டி ஒதுக்கிய இடம். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார், இன்றைக்குள் பதில் சொல் என்று காலையிலும் போன் வந்தது. ஆண்ட்டி "பாக்கலாம்ல" என்று வைத்துவிட்டார்.

மொத்தம் முப்பத்தைந்து மைல்தான். ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் இருக்கிறதே, சனிக்கிழமையும் அது நம் பிராணனை வாங்காமல் விடாது. நான் முன்னால் போன லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்தபோது ஆண்ட்டி, "ஏட்டி சுமதி, நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவு" என்றார்.

பதினொன்றுக்குக் குன்றேறினோம். டிக்கெட் எனக்கு முப்பது டாலர், மூத்தவர் என்பதால் ஆண்ட்டிக்கு இருபத்திரண்டு.

இது இந்த மண்ணில் எழுந்த மடம் அல்ல. பிரான்சிலும் ஸ்பெயினிலும் இடிந்து கிடந்த மடங்களின் தூண்களையும் வாசல்களையும் கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஹட்சன் ஆற்றங்கரையில் சென்ற நூற்றாண்டில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். நடுமுற்றத்தைச் சுற்றி இளஞ்சிவப்புப் பளிங்குத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு சிங்கம், ஒரு குரங்கு, ஏதோ ஒரு விநோதப் பிராணி. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய உளி! என் ஆபீசில் போன வருஷம் போட்ட தரை இப்போதே பெயர்ந்துவிட்டது.

அடுத்தது ஜெபக்கூடம். உயர்ந்த வளைவு, வண்ணக் கண்ணாடி, கல்லின் குளிர்ச்சி. நான் என்னை அறியாமல் வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சாமி இருக்கும் இடம் என்றால் ஈரோட்டுக்காரியின் கால் தானாகவே செருப்பை விட்டுவிடும். காவலுக்கு நின்ற பெண்மணி சாக்ஸைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஷூஸ் ஆன், ஹனி."

உள்ளே ஸ்பெயினில் ஒரு நாட்டை ஆண்ட அரச குடும்பத்தின் கல்லறைகள். மூன்று சிங்கங்கள் சுமக்கும் பெட்டியின் மேல் ஒருவர் கற்சிலையாக, கைகூப்பாமல் கம்பீரமாகப் படுத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் துக்கம் கொண்டாட வந்த கூட்டம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முகத்திலும் தனித்தனி அழுகை. இன்னொரு பக்கம் கணவனும் மனைவியும் சேர்ந்த கல்லறை, ஒருவர் மேல் ஒருவராக இரண்டு கல் படுக்கைகள். ஆண்ட்டி அங்கேயே நின்றுவிட்டார். சிலுவை போட்டார். பையிலிருந்து ஒரு செவ்வந்தியை எடுத்து, அந்த மனைவியின் பாதத்தில் வைத்தார்.

காவல் பெண்மணி ஓடி வந்தார். அதட்டவில்லை, பூவை எடுத்து ஆண்ட்டி கையிலேயே கொடுத்தார். நான் வழிந்துகொண்டே, இன்று இறந்தவர்களின் திருநாள் என்று விளக்கினேன். ஆண்ட்டி தன் ஆங்கிலத்தில், உள்ளே இருவரும் சேர்ந்துதானே இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"இல்லை மேடம். எனக்குத் தெரிந்தவரை கல் மட்டும்தான் இங்கே வந்தது. அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்."

ஆண்ட்டி முகம் வாடிவிட்டது. "எவ்வளவு அழகா செஞ்சிருக்கான்... உள்ள யாருமே இல்லையாட்டி?" அதற்கப்புறம் அவர் எதையும் பார்க்கவில்லை. எனக்கோ கண்ணை எடுக்க மனமில்லை. அந்த அழுகிற முகங்களை விட்டுவிட்டு வர என்னை நானே இழுத்துக்கொண்டுதான் வந்தேன்.

பின்பக்க மாடத்தில் நின்றோம். கீழே ஹட்சன், அக்கரையில் செங்குத்துப் பாறை, அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். அதுதான் எங்கள் நியூ ஜெர்சி. தினமும் டிராஃபிக்கில் கரித்துக்கொட்டும் ஊரா இது? தூரத்திலிருந்து பார்க்க என்னமாய் இருக்கிறது!

ஆண்ட்டி தம்பிக்குப் போன் போட்டார்.

"எப்பா, கொத்தனார வரவேண்டாம்னு சொல்லிடு... கோபப்படாத. பளிங்கு, கிரானைட்டு எது போட்டாலும் அவுக அங்க இருக்க மாட்டாகல்ல? ஆள் இல்லாத கல்லுகிட்ட நான் என்னத்தப் பேச?... ஆமா, அம்மா பக்கத்துல எனக்கு வச்ச இடந்தான். அத வேற யாருக்காவது குடுத்துடு."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. தன் அம்மாவின் பக்கத்து மண்ணை விட்டுக்கொடுப்பது லேசான காரியமா? நான் தோளைப் பிடித்துக்கொண்டேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அப்ப ஊருக்கு, ஆண்ட்டி?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

"போவேன், ஏன் போவாம? கிறிஸ்மஸ் முடிஞ்சு திரும்பி வருவேன். ஏர்போர்ட்டுக்கு நீதான் வந்து பிக்கப் பண்ணணும்."