தார்ப்பாய் தாங்காது

லாரியின் பின்மூலையில் நின்று, இடது கண்ணை இறுக்க மூடி, வலது கண்ணால் வண்டியின் பக்கவாட்டை நெடுகப் பார்க்கிறார் அக்கா, பலகையில் கோணல் தேடும் தச்சரைப் போல. இந்த வகை லாரிகளுக்குப் பக்கச் சுவர் கிடையாது. மேலிருந்து கீழே தடித்த தார்ப்பாய் ஒன்று திரையாகத் தொங்கும்; அடியில் வரிசையாக பெல்ட்டுகள். அவற்றைக் கழற்றித் திரையை ஒதுக்கினால் சரக்கு. உள்ளே சரக்கு சாய்ந்திருந்தால் திரை வெளியே புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைத்தான் தேடுகிறார்.

கிடங்கில் சரக்கு இறக்குமிடத்தின் பொறுப்பாளர் அவர். வயது நாற்பத்தாறு. ஓட்டுநர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஒத்தக்கண் அக்கா. அது அவருக்கும் தெரியும். "ரெண்டு கண்ணும் தொறந்து பாத்தவங்க கிழிச்சது போதும்" என்பார்.

லாரி நின்றதும் அவர் கை சாவிக்காக நீளும். "சாவியக் குடுத்துட்டுப் போய் டீயக் குடிங்க." ஆள் உள்ளே நிற்கும்போது வண்டி நகர்ந்துவிடக் கூடாது. அதனால் சாவி அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கும். முனகுகிற ஓட்டுநருக்கு, "சொத்தையே எழுதி வாங்கின மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதீங்க" என்று ஒரு குட்டு. திரையைத் திறக்கும்போது தரையில் உள்ள மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒருவரும் நிற்கக் கூடாது. நின்றால், வாசலில் பதிவேடு எழுதும் என் மேசை வரைக்கும் அவர் குரல் வரும்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். சன்னல்களுக்குத் திரை கிடையாது. பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறார். அதன் கீழே கட்டிலில் அவருடைய தம்பி. நாலு வருடத்துக்கு முன் வேறொரு கிடங்கில், புடைத்திருந்த திரையின் பெல்ட்டை அவரைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். டைல்ஸ் பெட்டிகள் இடுப்பின் மேல் சரிந்தன. இன்றைக்கும் கால் அசையாது. அக்கா எடுத்துக் காட்டிய விசாரணை அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி: தொழிலாளியின் கவனக்குறைவு. கழற்றச் சொன்னவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. படித்தபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. "சொன்னவன் வாயால சொல்லிட்டுப் போயிட்டான். எழுதினதெல்லாம் எந்தம்பி தலையில" என்றார் அக்கா.

போன செவ்வாய்க்கிழமை அதே மாதிரி ஒரு டைல்ஸ் லாரி வந்தது. ஒற்றைக் கண் பாதி தூரம் போய் நின்றது. திரையின் நடுவே தொந்தி. அக்கா அதன் மேல் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"இந்தப் பக்கம் யாரும் தொடக் கூடாது. வண்டியத் திருப்பி நிறுத்தி, அந்தப் பக்கமாத் தொறந்து இறக்கலாம்."

அதற்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகும். பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன. மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னங்க இது? திரைதான் புடிச்சிட்டிருக்குல்ல?"

"தார்ப்பாய் மழையத் தாங்கும் சார். டைல்ஸைத் தாங்காது."

"உங்களோட தெனமும் இதே ரோதனை. இப்ப தொறக்கலைன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

அந்த வேலை போனால் கட்டிலில் கிடப்பவருக்கு மருந்து நின்றுவிடும். அது மேலாளருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. நான் உலுக்கவில்லை, பதிவேட்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் என் மேலும் கோபம் வருகிறது.

அக்கா கத்தப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "நான் தொறக்க மாட்டேன் சார்" என்றார் சாதாரணமாக.

"அப்ப நானே தொறக்கறேன்." மேலாளர் கோட்டைத் தாண்டிப் போய் முதல் பெல்ட்டைப் பிடித்தார்.

அக்கா எங்களையெல்லாம் இன்னும் பத்தடி பின்னால் தள்ளினார். கையிலிருந்த அட்டையில் வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகினார்.

"தொறங்க சார். அதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு வரி எழுதிட்டுப் போங்க. 'புடைச்சிருக்குன்னு சொன்னாங்க, கேக்காம நான்தான் தொறந்தேன், கவனக்குறைவு என்னோடது'ன்னு. கீழ கையெழுத்து, தேதி."

மேலாளர் திரையை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு அவர் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தலைக்கு மேல் ஒரு பெட்டியின் முனை தார்ப்பாயில் அச்சாகத் தெரிந்தது. விரல்கள் பெல்ட்டை விட்டன. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அந்தப் பக்கமே தொறங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அக்கா நகரவில்லை. "வாயால வேணாம் சார், எழுதிக் குடுங்க" என்று பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.