வாசலுக்கு அந்தப்பக்கம் நடந்தது

அரூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசம்மாளுக்கு இங்கிலீஷ் பேச வராது, எழுத வரும். எழுதுவதிலும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியம்தான் வரும். அந்த ஒன்றில் அவளை மிஞ்சத் தாலுகா கச்சேரியிலும் ஆள் கிடையாது என்பது டாக்டரம்மாவின் கருத்து. ரோசம்மாளின் கருத்தும் அதுவே. அவள் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை, யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. தமிழ் படித்துவிட்டுத்தான் கப்பலேறியிருந்தார். படித்தது வேதாகமத் தமிழ். "உன் உதரத்திலே நோவு உண்டாயிற்றோ?" என்று அவர் கேட்டால், ஜெபம் தொடங்கிவிட்டது என்று எண்ணி நோயாளி கண்ணை மூடிக்கொள்வான். ஆகவே விசாரிக்கிற வேலை ரோசம்மாளிடம் வந்தது. விசாரித்ததை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முப்பத்திரண்டாம் வருஷமாக இருக்கலாம், சென்னப்பன் என்கிற குடியானவன் விலாவில் காயத்தோடு வந்தான். மாடு முட்டியது என்று எழுதிக் கொடுத்தாள். டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, முட்டியதை நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை. அப்படியானால் 'தட்' போடு, சென்னப்பன் அப்படிச் சொன்னான் என்று எழுது. சரி. நம் ஆஸ்பத்திரிக்குள் வைத்தா முட்டியது? இல்லை, முட்டி முடித்த பிறகுதான் வந்தான். அப்படியானால் 'ஹேட்' போடு. வாசலுக்கு இந்தப்பக்கம் நடப்பது வேறு, அந்தப்பக்கம் நடந்து முடிந்தது வேறு. இலக்கணப் புத்தகத்தில் பல பக்கம் ஓடுகிற சங்கதியை டாக்டரம்மா இப்படி ஒரு வாசற்படியில் அடக்கிவிட்டார்.

பிற்பாடு, சென்னப்பனை முட்டியது மாடல்ல, மச்சான் என்றும், கொம்பல்ல, கடப்பாரை என்றும் ஊருக்கே தெரிந்துபோனது. ரோசம்மாள் பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். மாடு முட்டியிருந்ததாகச் சென்னப்பன் சொன்னான் என்று இருந்தது. அவன் சொன்னது நிஜம்தானே. முழுப் பொய்யை எழுதியும் அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அன்றைக்கு அந்த வாக்கியத்தின் மேல் அவளுக்குப் பிறந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

ஆனால் தட்டும் ஹேட்டும் தெரிந்தால் போதுமா, அதற்குள் போட ஏதாவது வேண்டாமா? அதுதான் கிடைக்காது. டாக்டரம்மாவுக்கு நாட்டு மருந்து என்றால் ஆகாது. யாரோ ஒருத்தி புண்ணில் சாணி வைத்துக் கட்டியதற்கு அவர் போட்ட சத்தம் சித்தேரி மலைக்கு ஏறிப் போயிற்று. ஏற ஏற வளர்ந்தது. எதையாவது கொடுத்ததாக ஒப்புக்கொண்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. அதனால் மலைக்காரர்கள் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவரும்போது அடிவாரத்தில் இறக்கிவைத்து, எல்லோரும் ஒரே பேச்சாகப் பேச ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைவார்கள். என்ன கொடுத்தீர்கள்? ஒன்றும் கொடுக்கவில்லை. தண்ணீராவது? அதுவும் இல்லை.

கரியனையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடை. தேனெடுக்கப் போனவன் பாறையிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. கூட வந்தவர்களில் முக்கியமானவர்கள் பெண்சாதி கருப்பியும் தம்பி மல்லையனும். எலும்பை இழுத்துச் சேர்த்தாக வேண்டும். அந்த வலியைத் தாங்க மார்ஃபியா ஊசி போட வேண்டும். டாக்டரம்மா மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, இத்தனை அடிபட்டும் வெறும் முனகலோடு நிறுத்திக்கொள்கிறானே, மலைக்காரர்களின் பொறுமையே பொறுமை என்று வியந்தார்.

ரோசம்மாள் வியக்கவில்லை. போன மாசம் இதே கரியன் கட்டி ஒன்றைக் கீறிக்கொள்ள வந்து போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கட்டிக்கு அலறினவன் கால் உடைந்து தூங்கிவழிகிறான் என்றால், அந்தப் பொறுமையை யாரோ உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். அபினாகத்தான் இருக்கும். அபினுக்கு மேல் மார்ஃபியாவும் ஏறினால் மூச்சு நின்றுபோகும்.

டாக்டரம்மாவைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கருப்பியைக் கேட்டாள். ஒத்திகை பிசகாமல் பதில் வந்தது. மல்லையனைக் கேட்டாள். அவனிடமும் அதே பதில்தான்.

தான் செய்ததைச் சொல்லச் சொன்னால் ஊமையாகிவிடுகிற சனம், அடுத்தவர் சொன்னதைச் சொல்லச் சொன்னால் வாய் ஓயாது. ரோசம்மாள் கேள்வியை மாற்றினாள்.

"கருப்பி, இவன் விழுந்ததும் ஊருல யாரு என்ன குடுக்கலாம்னு சொன்னாங்க?"

"பாஞ்சாலி அத்தை அபினு குடுக்கலாம்னு சொன்னாங்க."

"அது யாருகிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க?"

"மல்லையங்கிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க."

மல்லையன் ஓட்டுக்கூரையைப் பார்த்தான்.

"மல்லையன் குடுத்துட்டான்னு யாராச்சும் சொன்னாங்களா?"

கருப்பி கொழுந்தனைப் பார்த்தாள், படுத்திருந்த புருஷனைப் பார்த்தாள். அடிவாரத்தில் பேசிவைத்ததில் இந்தக் கேள்வி வரவே இல்லை.

"சொன்னாங்க. வூட்டுல ஒருக்கா, அடிவாரத்துல ஒருக்கா குடுத்தான்னு பேசிக்கிட்டாங்க."

"எம்மாத்தரம்னு?"

"கொண்டக்கடலையாட்டம்," என்றான் மல்லையன். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அப்படின்னு சொன்னாங்க," என்றான்.

ரோசம்மாள் திரும்பினாள். எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. பிறந்ததிலிருந்து அவள் வாய்விட்டுப் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் அப்போதுதான் வந்தது: "தே செட் தட் ஹி ஹேட் ஈட்டன் ஓபியம்." அவன் அபின் தின்றிருந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தில் அதற்கு இடமும் இல்லை.

காலுக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டிவிட்டு, கடுங்காப்பியை ஊற்றி ஊற்றிக் கரியனைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கிள்ளிப் பார்த்தார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கடைசியில் ரோசம்மாள் கருப்பியை அவன் தலைமாட்டில் உட்காரவைத்து, திட்டச் சொன்னாள். கருப்பிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்ந்த சரக்கு இருந்தது. சாயங்காலத்துக்குள் கரியன் கண்ணைத் திறந்து, பதிலுக்குத் திட்டினான். பிழைத்துவிட்டான் என்று டாக்டரம்மா சொன்னார். எலும்பை மறுநாள் சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு மலையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் பாஞ்சாலி கொடுத்ததாகச் சொன்னார்கள். பாஞ்சாலியின் ஊரையே பார்த்திராதவர்களும் அப்படியே சொன்னார்கள். அரூருக்கு ஒரு முறைகூட இறங்கிவராத அந்த அம்மாள், ஆஸ்பத்திரிக் காகிதங்களின்படி மலை முழுவதற்கும் வைத்தியம் பார்த்திருந்தாள்.

ஊர் முழுவதன் பழைய கதையையும் கேட்டு வாங்கிய ரோசம்மாளின் பழைய கதை மட்டும் யாருக்கும் தெரியாது. புருஷன் கோலார் தங்கவயலில் செத்துப்போனான் என்றார்கள். சாகவில்லை, அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான் என்றார்கள். கல்யாணமே ஆகவில்லை என்பவர்களும் உண்டு. அவள் எதையும் மறுத்ததில்லை.

கரியன் தடியூன்றி ஊருக்குக் கிளம்பிய அன்று, கருப்பி தேன் குடுவையை மேசைமேல் வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

"நர்சம்மா, இங்க வர்றதுக்கு முன்னால நீங்க எங்க இருந்தீங்க?"

ரோசம்மாள் குடுவையின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நல்ல தேன்.

"இண்டூர்ல இருந்ததா சொல்லிக்கிறாங்க," என்றாள்.