அக்கரையில் ‘போறேன்’ என்பார்கள்

அவருக்கு அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக ஏறிய நாளோடு அது வழக்கொழிந்துபோனது. ஊருக்கே அவர் மைக். டிரைவருக்கு மைக் அண்ணன், தங்கை பிள்ளைகளுக்கு மைக் மாமா. தூக்கத்தில்கூட வாய் ஓயாத மனிதர்.

வேலை இதுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நகரம், அந்தப் பக்கம் ஒரு நகரம், நடுவில் ஒரு பாலம். வெளியூர்க்காரர்களைக் காலையில் இக்கரையில் ஏற்றி, அக்கரையைக் காட்டி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். காட்டுவதற்கு அப்படியொன்றும் கொட்டிக்கிடக்கவில்லை. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி மார்க்கெட், ஒரே மாதிரி மணிக்கூண்டு, ஒரே மாதிரி சாக்கடை. இல்லாத வித்தியாசத்தை வாயாலேயே உண்டாக்கியதுதான் மைக்கின் சாமர்த்தியம்.

“பாலத்து நடுவுல ஒரு விளக்குக் கம்பம் வருது பாருங்க. பாதிப் பாலம் எங்க நகராட்சி, பாதி அவங்களுது. அந்த ஒத்த பல்பை யாரு மாட்டுறதுன்னு இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. எங்க ஊர்ல வழி கேட்டா கூடவே வந்து விடுவாங்க, தப்பான இடத்துல. அவங்க ஊர்ல தாடையால காட்டுவாங்க. மறுபடி கேட்டா முறைப்பாங்க. எங்க மணிக்கூண்டு முந்தி ஓடும், அவங்களது பிந்தி ஓடும். நான் அங்கதான் பொண்ணு எடுத்தேன். அவங்க கல்யாணத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள நாங்க பந்தலையே பிரிச்சாச்சு!”

கடைசியாக எடுத்துவிடுவதுதான் வெடி.

“எங்க ஊர்ல வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’னுதான் சொல்லணும். ‘போறேன்’னா ஒரேடியா போறதுன்னு அர்த்தம். அக்கரையில அதெல்லாம் கிடையாது. கடைக்குப் போனாலும் போறேன், குளிக்கப் போனாலும் போறேன். கல்யாணமான மறுநாள் என் சம்சாரம் வாசல்ல நின்னு, ‘அத்தை, நான் போறேன்’னுச்சு. எங்கம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. அது எங்க போகுது? சோப்பு வாங்க!”

பஸ் குலுங்கிவிடும்.

அதன் மிச்சத்தை அவர் பஸ்ஸில் சொன்னதில்லை. மாமியார் அவளைச் சும்மா விடவில்லை. “வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? மாத்திச் சொல்லிட்டுப் போ” என்று தெருமுனை வரை போனவளைக்கூடத் திரும்பக் கூப்பிட்டு, அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்க, திருத்திச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். எத்தனை தடவை அழுதிருப்பாளோ. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வார்த்தை அவள் நாக்கைவிட்டே போய்விட்டது. மகள் பிறந்து பேசப் பழகியபோது, “போறேன் சொல்லக்கூடாது கண்ணு” என்று வாயில் தட்டித் திருத்தியவளே அவள்தான்.

மைக்கின் காதில் இதெல்லாம் விழுந்ததா என்றால், இல்லை. பஸ்ஸில் அவர் மனைவி இன்னும் கல்யாணத்துக்கு மறுநாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த பஸ் மனைவியைத்தான் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில், மழைக்காலத்தில், காய்ச்சலில் விழுந்தாள். இக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலைந்து நாள் அனலாகக் கொதித்த உடம்பு தணிந்தது. “நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் டாக்டர். அந்த நம்பிக்கையில்தான் மைக் வேலைக்குப் போனார். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று பாலத்தின் மேல் வெடியைப் போட்டு, பஸ் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

“புள்ள போறாளுங்க…” குரல் அடைத்திருந்தது. பஸ் இரைச்சலில் அது அவர் காதில் சரியாக விழவில்லை. “ஒரு வார்த்தை பேசுங்க.”

மைக்குக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. டிஸ்சார்ஜ்! அதுவும் இப்போதுதான் சொல்லி முடித்த ஜோக்குக்கு இப்படியொரு சாட்சி யாருக்குக் கிடைக்கும்? மைக்கை வாயருகே இழுத்தார்.

“பார்த்தீங்களா அக்கரைப் பொண்ணை! ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போறதுக்கும் ‘போறா’ன்னுதான் சொல்லுது!”

கைதட்டல் அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் போனில் சொன்னார். “போகட்டும், போகட்டும். சந்தோஷமா அனுப்பி வை. நான் சாயங்காலம் வந்துடுறேன்.”

பிறகு போன் வரவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள், வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அக்கரையைச் சுற்றிக் காட்டி, மிச்சக் கதைகளையும் ஒன்று விடாமல் சொன்னார். அக்கரை மார்க்கெட்டில் மகளுக்கு ஒரு தலை கிளிப் வாங்கினார். மாலையில் தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் மகளைக் கிடத்தியிருந்தார்கள்.

மனைவி இக்கரைப் பேச்சில் சொன்னாள். அவர் அக்கரைப் பேச்சில் கேட்டுக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்ததும் அவள் அக்கரையில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சண்டை போட்டிருந்தால் மைக்குக்குப் பேச ஒரு வழியாவது கிடைத்திருக்கும். வயிற்றுப்பாட்டுக்கு அவர் மறுபடி பஸ் ஏறினார். பாலம் வந்ததும் வாயடைத்துப்போகும். கேள்விப்பட்டு வந்த யாராவது, “அந்தப் போறேன் ஜோக்கைச் சொல்லுங்க சார்” என்று விடாமல் கேட்பார்கள். அப்போதெல்லாம் டிரைவர் பாட்டை உரக்க வைத்துவிடுவார்.

மச்சினன் வீடு அக்கரை மணிக்கூண்டுக்குப் பின்சந்தில். பயணிகள் இறங்கிப் படம் பிடிக்கிற நேரத்தில் மைக் அங்கே ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார். அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. மச்சினன் வந்து, “அக்கா தூங்குது மாமா” என்று தரையைப் பார்த்துச் சொல்லி அனுப்பிவிடுவான். ஒருநாள் அவளே திறந்தாள். பாதி இளைத்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

“வீட்டுக்கு வாம்மா” என்றார். “நான் தப்பா கேட்டுட்டேன். உங்க ஊர் வார்த்தைன்னு நினைச்சுட்டேன்.”

“இத்தனை வருஷம் உங்க வீட்டுல இருந்தேன். நான் எந்த ஊர்ப் பேச்சு பேசுறேன்னுகூட உங்களுக்குத் தெரியல.”

“ஒரு தடவை மன்னிச்சுடு.”

“போனை அவ காதுலதான் வச்சிருந்தேன்” என்றாள். “அப்பா பேசுவார், கேளுடின்னு.”

மைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கைதட்டல், சிரிப்பு, போகட்டும் போகட்டும். எல்லாம் அந்தக் காதில் போயிருக்கிறது.

தெருமுனையில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

“போயிட்டு வரேன்” என்றார், பழக்கத்தில்.

அவள் கதவில் கை வைத்தபடி அவரைப் பார்த்தாள்.

“மாத்திச் சொல்லிட்டுப் போங்க.”

அவர் நின்றார். ஹாரன் மறுபடி அடித்தது.

“போறேன்” என்றார்.

அவள் “சரி” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.