பதிலுக்குத் திட்டாத சரோஜா

என் சம்சாரம் சரோஜாவுக்கு ஒரு வாரமாக இருமல். காய்ச்சல்தான் இல்லையே என்று ஆவி பிடித்தே ஓட்டினோம். இன்று காலையில் மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்துக் கரையான்சாவடி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். நான் சும்மா இருப்பேனா?

"இன்னா சரோஜா, சமைக்க சோம்பல் பட்டுகினு இவ்ளோ சீன் போடுறியா?"

வழக்கமாக என் பரம்பரையையே இழுப்பாள். இன்று, "யோவ்... ஊட்டுக்கு... வா..." என்பதற்குள் மூன்று முறை மூச்சை இழுத்தாள்.

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சரோஜாவின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார்.

"ஐயா, அவங்களால முழுசா திட்டக்கூட முடியல. ஆக்சிஜன் குறைஞ்சிருக்கு. நிமோனியா மாதிரி தெரியுது. வயசானவங்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரும். உடனே அட்மிட் பண்ணுங்க."

பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. இப்போது அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கையில் மருந்து ஏறுகிறது.

"சரியாப் பூடுமா கண்ணு?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"மருந்து கேக்குதான்னு ரெண்டு நாள் பாக்கணும் தாத்தா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வாய் திறக்கும் வரைக்கும், அவளுக்குப் பதிலாக யாராவது இங்கே வந்து என்னை நாலு வார்த்தை நல்லா திட்டிட்டுப் போங்கப்பா.