மூன்றாவது ஆணியில் அம்மாவின் சுவெட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் மலைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் இழுத்துவிட்ட பிளாஸ்டிக் கூரைக்கடியில் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றோம். பக்கத்தில் நின்ற பெண்ணின் கம்பளிச் சுவெட்டர் நனைந்து ஒரு வாடை எழுந்தது பாருங்கள், எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்மேல் இல்லை. நனைந்த கம்பளி வாடை வந்தால் மலையடிவாரத்து ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம் வரும். ஸ்டேஷன் ஞாபகம் வந்தால் கோபம் வரும். ஐம்பதைத் தாண்டியும் இந்தப் புத்தி மாறவில்லை. ஸ்டேஷன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்குள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள், நானும் சும்மா இருக்க மாட்டேன்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ரயிலேறப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது, கேட்டால் சிரிப்பீர்கள். காலைக் குளிரில் சுவெட்டர் போட்டுக்கொண்டு தானா ராத்தா டவுனில் பஸ் ஏறுவோம். வளைந்து வளைந்து இறங்கி ஸ்டேஷன் சேர்வதற்குள் வியர்த்து ஊற்றும். அந்த வெயிலில் சுவெட்டரைச் சுமந்துகொண்டு யார் திரிவது? பார்சல் ஆபீஸின் பலகைச் சுவரில் வரிசையாக ஆணிகள் இருந்தன. வியர்வையில் நனைந்து வாடையடிக்கிற சுவெட்டரை அதில் மாட்டிவிட்டு ரயிலேறுவோம். திரும்பி வந்ததும் எடுத்துப் போட்டுக்கொண்டு மலையேறுவோம். சீட்டு கிடையாது, பேர் எழுதுவதும் கிடையாது. எல்லாரும் ஒரே கடையில் வாங்கியதால் எல்லாச் சுவெட்டரும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை அவசரத்தில் கங்காணி மனைவியின் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் லயத்து வீடுகளெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன.

அம்மாவுடையதை மட்டும் யாரும் மாற்றி எடுக்க முடியாது. கொழுந்துக்கூடைப் பட்டை உரசித் தேய்ந்த தோளில் பச்சைத் துணி வைத்துத் தைத்திருந்தாள். வயிற்றுக் கட்டிக்காக அவளைக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். மூன்றாவது ஆணியில் மாட்டிவிட்டு, "கெடக்கட்டும்லா, வர்றப்ப எடுத்துக்கலாம்" என்றாள். வரும்போது அவளை வேனில் கொண்டுவந்தோம். நெடுஞ்சாலை வழியாக நேரே மலையேறிய அந்த வேன் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

பிறகு அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலை வந்தது. கொழுந்து பறித்த விரல் நுணுக்கமான வேலை செய்யும் என்று யாரோ சொல்லி என்னையும் எடுத்துக்கொண்டார்கள். அது பொய் என்று ஒரே வாரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கற்றுக்கொண்டேன். பெட்டியின் கூரைக்குள் ஏர்கானுக்கு ஒயர் இழுத்துக் கட்டுவது என் வேலை. இப்போது அந்த ரயில்களில் ஏறிப் பாருங்கள், பல் கிட்டும் குளிர். இன்றைக்கு மலையிலிருந்து வருகிறவன் எதற்குச் சுவெட்டரைக் கழற்றப்போகிறான்? ஒருவிதத்தில் அந்த ஆணிகளைக் காலியாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

சில நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் பார்சல் ஆபீஸுக்குப் போய் நிற்பேன். மற்ற ஆணிகள் காலியாகிக்கொண்டே வந்தன. மூன்றாவதில் மட்டும் அம்மாவுடையது தொங்கும். பார்சல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, தான் ஓய்வு பெறும் நாளில் கேட்டார்.

"எடுத்துட்டுப் போயிடேம்மா. எனக்கப்புறம் யாரு பாத்துக்குவா?"

"இருக்கட்டும் அண்ணே. அம்மா மாட்டுனது."

அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். கழற்றிவிட்டால் அம்மா திரும்பி வரமாட்டாள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

பழைய கட்டடத்தைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி ஸ்டேஷனுக்குப் பூட்டுப் போட்டார்கள். மறுபடி திறந்த அன்று ஓடினேன். பார்சல் ஆபீஸ் கண்காட்சி அறையாகியிருந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஏதோ ஒரு துரையின் பழைய மழைக்கோட்டை, காலரில் பூச்சி அரித்த ஓட்டைகளோடு, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். புதுப்பிக்கும் வேலையை மேற்பார்வையிட்ட நம் தமிழ்ப் பையனிடம் சுவெட்டரைக் கேட்டேன்.

"அதுவா அக்கா? பூஞ்ச புடிச்ச துணிலா. குப்ப லோரில ஏத்தியாச்சு."

"இந்தக் கோட்டும் பூச்சி அரிச்சதுதானே?"

"இது ஹிஸ்டரி அக்கா."

கண்ணாடியை உடைத்திருப்பேன், கையில் கைப்பைதான் இருந்தது. எந்த மழையில் யார் நனைந்தார்கள் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அந்தத் துரை கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பான். தண்டவாளத்துக்குக் கல் சுமந்தவன் நம் ஆள். அவன் எதைப் போட்டிருந்தான் என்று அந்த அறையில் ஒரு வரிகூட இல்லை.

சுவரை மட்டும் அப்படியே வைத்திருப்பதாக அந்தப் பையன் பெருமையோடு சொன்னான். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். மூன்றாவது ஆணி இருந்த இடத்தை விரலால் தடவித் தடவித் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமாகப் பூசியிருக்கிறார்கள், பாவிகள்.