முன்னால் போகவேண்டிய விமானம் கோஸ்டான் அடித்த கதை

பெட்ரோலோடு கலக்கும் டூ-டி எண்ணெய் எரியும் அந்த நீலப் புகை... அந்த வாசனை சட்டையில் ஏறிவிட்டால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. என் மனைவி அந்தச் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பாள்.

நண்பர்களே, பிரிக்பீல்ட்ஸ் கணினி வகுப்பில் இந்த வயதில்தான் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டுகிறேன். ‘விமானம்’ என்று தப்பில்லாமல் எழுத வந்த அன்றே, முதலில் இந்தக் கதையைத்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது எனக்குக் கிள்ளானில், லோரி எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. பக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர் சிவம் அண்ணன். பறக்கும் லைசென்ஸ் வைத்திருந்தார். வீட்டு போர்ச்சில் அலுமினியக் குழாயும் துணியும் கொண்டு, ஓர் ஆள் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கார் வெளியே வெயிலில் காய்ந்தது.

ஒரு நாள் கூப்பிட்டார். மரப்பெட்டிக்குள் ஓர் எஞ்சின். கனடாவிலிருந்து வந்த பழசு.

“ஐஸ்ல ஓடுற வண்டியோட எஞ்சின்டா இது.”

“ஐஸ் வண்டியா? மணி அடிச்சிக்கிட்டு வருமே, அதுவாண்ணே?”

“டேய்! பனி கொட்டிக் கெடக்கும்ல, அது மேல ஓடுற வண்டி. வெயிட்டு கம்மி, பவர் ஜாஸ்தி. இதத்தான் நம்ம பிளேன்ல மாட்டப் போறோம்.”

“பனியில ஓடுனது கிள்ளான் வெயில்ல ஓடுமா?”

“ஓட வைக்கணும் லா. அதுக்குத்தான் நீ.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒரு கண்ணு மங்கிக்கிட்டே வருதுடா. இந்தத் தடவ லைசென்ஸ் மெடிக்கல் பாஸ். அடுத்த தடவ டாக்டர் கண்டிப்பா சைன் பண்ண மாட்டாரு. அதுக்குள்ள, நானே கட்டுனதுல ஒரு தடவையாச்சும் மேல போயிடணும்.”

அவ்வளவுதான். அன்றே எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அந்த எஞ்சின் குளிர்காற்றுக்குப் பழகியது. நம் சூட்டில் பெட்ரோலை அளவுக்கு மேல் குடித்தது. பிளக் கரிக்கட்டையாக வந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையை மாற்றி மாற்றிப் போட்டோம். எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறிக் காற்று சிலிண்டரை விட்டு விலகாமல் இருக்கத் தகடு அடித்தோம். எஞ்சின் சுற்றும் வேகத்தில் புரொப்பெல்லர் சுற்றக் கூடாது, அதைக் குறைக்க வேண்டும். அதற்கான கியர்பெட்டி கிடைக்கவே இல்லை. கப்பிகள் கடைந்து, பல் வைத்த பெல்ட் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த பறக்கும் கிளப்பின் திடல். அண்ணன் உட்கார்ந்தார். எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால். நான் கயிற்றை இழுத்தேன். புகை... சத்தம்... ஆஹா!

விமானம் நகர்ந்தது. பின்னால்!

அண்ணனின் தொப்பி முன்பக்கமாகப் பறந்து போனது. அவருடைய மனைவி லெட்சுமி அக்கா சத்தத்துக்கு மேல் கத்தினார்:

“என்னாங்க! பறக்கப் போறேன்னுட்டு கோஸ்டான் அடிக்கிறீங்க?”

காரைப் பின்னால் எடுப்பதை நாம் கோஸ்டான் என்போம். விமானத்துக்கு அந்தச் சொல் கிடைத்தது அன்றுதான். திடலில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தப் புரொப்பெல்லர் கியர்பெட்டி உள்ள எஞ்சினுக்காகச் செய்தது. கியர், சுற்றும் திசையை மாற்றும். பெல்ட் மாற்றாது. லோரியிலேயே ஊறிப்போன எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

“திருப்பி மாட்டிப் பாத்தா?” என்றார் அண்ணன்.

“நட்டைத் திருப்பிப் போட்டா மரை மாறுமாண்ணே?”

“அப்ப எஞ்சினையே எதிர்ப்பக்கம் ஓட விடு. டூ ஸ்ட்ரோக்தானே, ஓடும்ல?”

“ஓடும். விசிறியும் எதிர்ப்பக்கம் சுத்தும். காத்து இல்லாம சூடேறி சிலிண்டர் புடிச்சிக்கும். செம்பனை மரத்து மேல போயி நிப்பீங்க.”

அண்ணன் ஒரு கண்ணை மூடி, மற்றதால் புரொப்பெல்லரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சரி... புதுசா செதுக்குவோம்,” என்றார்.

செதுக்கினோம். பலகைகளை அடுக்கி ஒட்டி, எதிர்ப்பக்கம் சுற்றுவதற்கேற்ற புரொப்பெல்லர். முதலாவது ஒரு பக்கம் கனத்தது, தூக்கிப் போட்டோம். இரண்டாவது வெடித்தது. மூன்றாவதை நடுவில் கம்பி கோத்துத் தொங்கவிட்டபோது இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. கிளப்பின் பரிசோதகர் எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்து, தலையசைத்தார்.

அண்ணன் போனார். முன்னால்தான்! திடலின் முடிவு நெருங்கிக்கொண்டே வந்தது. சக்கரம் புல்லை விட்டது. செம்பனைக்கு மேலே ஒரு சுற்று... அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நின்றேன். வரவில்லை.

“எறங்கி வரட்டும், இருக்கு அவருக்கு!” என்று லெட்சுமி அக்கா முணுமுணுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இறங்கி வந்ததும் அண்ணன் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை: “நம்ம போர்ச் கூரை நல்லா தெரிஞ்சிச்சு. துரு புடிச்சிருக்கு, மாத்தணும்.”

அடுத்த மெடிக்கலில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அண்ணனும் வாதாடவில்லை. விமானத்தைக் கிளப்புக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறோம். போன மாதம் என் பேரன் பினாங்குக்குப் பறந்தான். “மேலேர்ந்து என்னடா பாத்தே?” என்றேன். “தூங்கிட்டேன் தாத்தா,” என்றான். அவன் மேல் தப்பில்லை.

சிவம் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோம். தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால், “எந்தப் பக்கம்டா போகுது?” என்பார். வாயால் சொன்னால் போதாது. அவர் விரலைப் பிடித்து வானத்தில் வைத்து, விமானத்தோடு கூடவே மெல்ல நகர்த்துவேன்.

சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் கையை இறக்குவதில்லை. நானும் விடுவதில்லை.